வெள்ளாடு கடித்த வேலி

காட்டை ஒட்டிய ஒரு கத்தரித் தோட்டத்துக்கு வேலமரங்களே வேலி. மரம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். எதுவும் இடுப்புயரம் தாண்டியதில்லை. அதனடியில் ஒரு கௌதாரி ஆண்டுதோறும் முட்டையிட்டு அடைகாத்தது. வெளியிலிருந்து ஒரு நரி ஆண்டுதோறும் மூக்கை நுழைத்தது. முள் குத்தி ஊளையிட்டுத் திரும்பியது.

அந்த வேலியை ஒரு வெள்ளாடு தினமும் மேய்ந்துவந்தது. அது கடிக்கும் ஒவ்வொரு கடிக்கும் கௌதாரி புலம்பியது. இன்றைக்கு இலை, நாளைக்குக் கிளை, அப்புறம் வேலி ஏது, குஞ்சு ஏது?

இந்தப் புலம்பல் நரியின் காதுக்கு எட்டியது. ஒருநாள் அது வேலிக்கு வெளியே பணிவாக வந்து உட்கார்ந்தது.

“தங்கச்சி, உன் வேலியை அந்த ஆடு தின்றே தீர்க்கிறதே, நீ கேட்க மாட்டாயா? மரத்தை வளரவிட்டால் யானைகூட நுழையாது. என்னை நம்ப வேண்டாம். வேலியிலேயே குடியிருக்கிறவரைக் கேள்.”

காட்டுக்குள் உயர்ந்து வளர்ந்த வேலமரங்களின் நிழலில் தான் சுகமாகப் படுத்துத் தூங்குவதை நரி சொல்லவில்லை.

வேலிமேல் ஓர் ஓணான் இருந்தது. கௌதாரி கேட்டது. ஓணான் தலையை ஆட்டியது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஓணான் வெயிலுக்கும் தலையாட்டும், ஈக்கும் தலையாட்டும் என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஆடு வந்ததும் கௌதாரி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டது. வேலிதின்னி என்றது. நரிக்கு வழி வெட்டுகிறவள் என்றது. ஆடு வாயில் இருந்ததை மென்று விழுங்கும்வரை பொறுமையாகக் கேட்டது.

“நான் கடிக்கக் கடிக்கத்தான் இது அடியிலே கிளைத்து முள்ளை நீட்டுகிறது. விட்டுப் பார். வானத்தைப் பார்த்து வளரும், தரையை மறந்துவிடும்.”

“தின்பதற்கு ஒரு நியாயம் வேறா, ஆட்டக்கா?”

ஆட்டுக்கும் ரோஷம் உண்டு. அன்றே அது ஓடைக்கரைக்குப் போய், அங்கிருந்த வேலங்கன்றுகளை மேயத் தொடங்கியது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. நரிக்கு அது இரண்டு கொட்டாவி. வேலமரங்கள் ஓங்கி வளர்ந்து மஞ்சள் உருண்டைகளாகப் பூத்தன. கௌதாரி அண்ணாந்து பார்த்துப் பூரித்து, ஏழு முட்டை இட்டது. அண்ணாந்தே பார்த்ததால், அடிக்கிளைகள் காய்ந்து உதிர்ந்ததைப் பார்க்கவில்லை.

ஒரு பிற்பகலில் சுள்ளி ஒடிந்தது. பிறகு அமைதி. மறுபடி ஒடிந்தது, கொஞ்சம் பக்கத்தில்.

கௌதாரி மூச்சை அடக்கியது. இப்போது முள் குத்தும், இப்போது ஊளை கேட்கும் என்று காத்திருந்தது. ஊளை வரவில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே ஈரமான மூக்கு ஒன்று, ஒரு கீறல்கூட இல்லாமல், உள்ளே வந்தது.

“பயப்படாதே தங்கச்சி,” என்றது நரி. “வேலி எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்த்துப்போக வந்தேன்.”

முதல் முட்டை அதன் பல்லில் நொறுங்கியது. கௌதாரிக்குக் கால் அசையவில்லை. இரண்டாவதும் நொறுங்கியபோதுதான் அசைந்தது. ஓர் இறக்கையை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு நரியின் மூக்கருகே தடுமாறி விழுந்தது. முட்டையைவிடக் கறி பெரிது. நரி பாய்ந்தது.

ஓடைக்கரைவரை அதன் மூச்சு கௌதாரியின் வாலிறகைச் சுட்டது. எதிரே, ஆடு மேய்ந்து மேய்ந்து குட்டையாக்கிய வேலம்புதர். கௌதாரி தலையைத் தாழ்த்தி அதனடியில் புகுந்தது. நரி வந்த வேகத்திலேயே புதருக்குள் விழுந்தது. இரண்டு மழைக்காலமாகக் கேட்காத ஊளை அப்போது கேட்டது. முகமெல்லாம் முள்ளோடு நரி காட்டுக்குள் ஓடி மறைந்தது.

ஆடு மெல்லுவதை நிறுத்தவில்லை. “இதையும் நான்தான் கடித்துவைத்திருக்கிறேன். அதுவும் குற்றமா?”

“வீட்டுக்கு வா, அக்கா,” என்றது கௌதாரி. “ஐந்துதான் மிச்சம்.”

ஆடு வந்தது. அடிமரத்தில் துளிர்த்ததையெல்லாம் கடித்தது. புது முள் முற்றும்வரை, வேலியின் இடைவெளியில் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு தானே படுத்துக் கிடந்தது. இதுவும் சரிதான் என்பதுபோல் ஓணான் தலையாட்டியது. இம்முறை அதை யாரும் கேட்கவில்லை.

கண்முன்னே கடிக்கிறவரெல்லாம் பகைவரும் அல்லர், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறவர் சாட்சியும் அல்லர்.