இருவாச்சியும் நாற்பத்தொன்பது கிழங்கும்

முள்ளம்பன்றியை முதலில் ஏமாற்றியது இருவாச்சிதான். கருமந்தியும் உடும்பும் அதற்குப் பிறகு வந்தவர்கள். இந்த வரிசையை யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

அந்தக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் உயரமான மருத மரம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் ஒரு பொந்து. பொந்து நிறையக் குன்றிமணிகள். அந்தக் காட்டில் எதை வாங்கினாலும் குன்றிமணி கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்த மணிகளுக்குக் காவல் இருவாச்சிப் பறவை. எத்தனை மணி வெளியே நடமாட வேண்டும், எத்தனை உள்ளே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அதுதான்.

முள்ளம்பன்றிக்கு வயதாகிவிட்டது. எப்போதோ கண்ணியில் மாட்டியதில் ஒரு முன்கால் ஒடிந்து போயிருந்தது. மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும். ஒற்றைக் காலாலும் தோண்டலாம். கோடையில் மண் கல்லாகிவிடும். அப்போது அதனால் தோண்ட முடியாது. அதனால் மழை நின்ற அன்று வரை ஓயாமல் தோண்டி, அறுபது காட்டுவள்ளிக் கிழங்குகளை வளைக்குள் சேர்த்து வைத்திருந்தது. கோடையைத் தாண்ட அது போதும்.

ஒரு நாள் இருவாச்சி வளை வாசலுக்கே வந்து இறங்கியது.

"முள்ளு மாமா! இத்தனை கிழங்கையும் உள்ளே அடைச்சு வச்சா எலி தின்னும், பூஞ்சணம் பிடிக்கும். வித்துட்டு மணியா வச்சுக்கோங்க. மணி கெடாது!"

"கோடையில விலை ஏறிட்டா நான் எங்கே போவேன் தாயி?"

"எப்படி ஏறும்? இன்னைக்கும் ஒரு மணிக்கு ஒரு கிழங்கு. கோடையிலும் ஒரு மணிக்கு ஒரு கிழங்கு. அதைப் பார்த்துக்கத்தானே நான் இருக்கேன்! இது என் வாக்கு!"

முள்ளம்பன்றி படிக்காதது. ஆனால் வாக்கு என்றால் என்னவென்று அதற்குத் தெரியும். அறுபது கிழங்கையும் கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் விற்றது. அறுபது மணிகளை வாங்கி வளைக்குள் வைத்தது.

மறுவாரம் இருவாச்சி, தன் குலத்து வழக்கப்படி, பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொண்டது. அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டது.

"இனி யாரும் என்னை நெருங்க முடியாது! மிரட்ட முடியாது, கெஞ்ச முடியாது. நான் எடுப்பதுதான் முடிவு!" என்று உள்ளேயிருந்து கத்தியது. கீழே நின்ற விலங்குகள் ஆரவாரம் செய்தன. முள்ளம்பன்றியும் சேர்ந்துதான் கத்தியது.

கோடை வந்தது. கையில் மணி வைத்திருந்தவர்கள் நாளைக்குத் தேவைப்படுமோ என்று பயந்து அதை ஒளித்துக்கொண்டார்கள். யாரும் எதையும் வாங்கவில்லை. யாரும் யாருக்கும் வேலை கொடுக்கவில்லை. குளத்து ஈரத்தில் கிழங்கு தோண்டி விற்கும் காட்டுப்பன்றி, குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஈ ஓட்டியது. குட்டி போட்ட முயல் ஒரு மணிகூட இல்லாமல் அலைந்தது.

மருத மரத்தடியில் கூட்டம் கூடியது. கருமந்தி அடுத்த காட்டில் ஏழு வருடம் படித்தது. உடும்பு அதற்கும் அடுத்த காட்டில் எட்டு வருடம் படித்தது. இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்டாலே ஆகாது.

"கிழங்கு இருக்கு. தின்ன வாயும் இருக்கு. நடுவுல மணிதான் இல்லை!" என்றது கருமந்தி. "மணியை அள்ளி வீசச் சொல்லுங்க. காடு எழுந்து ஓடும்!"

"வீசாதே!" என்று சீறியது உடும்பு. "மணி பெருகினா மணிக்கு மதிப்பு போயிடும். கொஞ்ச நாள் வயித்தைக் கட்டிக்கிட்டுக் கிடந்தா எல்லாம் தானா சரியாகும்."

"உனக்கென்ன! ஒரு தவளையை முழுங்கினா பத்து நாள் தூங்குவே. வயித்தைக் கட்டுன்னு அந்த முயல் குட்டிங்ககிட்ட போய்ச் சொல்லு பார்ப்போம்!"

"உனக்கென்ன! நீ மரத்து மேல இருக்கே. மேலேயிருந்து வீசுற மணி முதல்ல யார் கையில விழும்னு எனக்குத் தெரியாதா?"

"பல்லிக்குப் பெரியப்பன் பேச வந்துட்டான்!"

"கிளைக்குக் கிளை தாவுற மாதிரியே பேச்சும் தாவுது பாரு!"

முள்ளம்பன்றிக்கு இரண்டும் சொன்னது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. 'எப்படியோ போங்கள், எனக்கு வாக்கு இருக்கிறது' என்று வளைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் உச்சி வெயிலில் இருவாச்சி கீறல் வழியாக மணிகளைக் கொட்டியது. மணி மழையாகப் பெய்தது. உச்சிக் கிளைகளில் இருந்தது யார்? கருமந்தியின் அண்ணன், தம்பி, மச்சான், மச்சானின் மச்சான். அவர்கள் இரண்டு கைகளாலும் அள்ளினார்கள். அவர்கள் விரல் இடுக்கில் தப்பியது அணிலுக்குக் கிடைத்தது. அணிலிடம் தப்பிய மூன்று மணிகள் தரையில் முயலுக்குக் கிடைத்தன. அன்று அதன் குட்டிகள் வயிறு நிறையத் தின்றன. அதை இல்லை என்று சொல்ல முடியாது. முள்ளம்பன்றியும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் மேலே அள்ளியவர்கள் ஒரே ஓட்டமாக வந்து, ஒரு மணிக்கு ஒரு கிழங்கு என்ற பழைய விலையிலேயே காட்டுப்பன்றியின் குவியலில் முக்கால்வாசியைக் காலி செய்துவிட்டார்கள். முள்ளம்பன்றிகள் பகலில் தூங்கும். அது எழுந்து நொண்டிக்கொண்டு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

"ஒரு கிழங்கு கொடப்பா" என்று ஒரு மணியை நீட்டியது.

"நாலு மணி" என்றது காட்டுப்பன்றி.

"என்னது!"

"நாலு மணி மாமா. மத்தியானம் வரைக்கும் ஒண்ணுதான். இப்ப ஆளாளுக்கு மணி வச்சிருக்காங்க. கிழங்குதான் இல்லை."

"காலையில ஒண்ணு, சாயங்காலம் நாலா! ஒரே பகல்ல கிழங்கு நாலு மடங்கு பெருத்துப் போச்சா?"

"கிழங்கு அப்படியேதான் இருக்கு. உங்க மணிதான் இளைச்சுப் போச்சு. என்கிட்ட ஏன் கத்துறீங்க? எனக்குந்தான் அத்திப்பழம் நாலு மணி ஆயிடுச்சு!"

முள்ளம்பன்றிக்கு உடம்பெல்லாம் முள் சிலிர்த்தது. ஆனால் வயிறு கேட்குமா? இருபது மணி கொடுத்து ஐந்து கிழங்கு வாங்கியது. அதைப் பல நாள் வைத்துத் தின்றது. பிறகு மரத்தடிக்குப் போய்க் கத்தியது.

"தாயி! ஒரு மணிக்கு ஒரு கிழங்குன்னு சொன்னியே!"

"இது தற்காலிகம்" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

"என் பசியும் தற்காலிகமா?"

"தற்காலிகம்!" என்று மறுபடியும் அதே பதில் வந்தது.

பக்கத்தில் படுத்திருந்த உடும்பு தலையைத் தூக்கியது. "நான் அன்னைக்கே சொன்னேன். யார் கேட்டாங்க? இப்பப் பாருங்க, நான் சரி பண்றேன்" என்று சொல்லிவிட்டு, வாயில் எதையோ கவ்விக்கொண்டு மரத்தில் ஏறியது.

மறுநாள் இருவாச்சி அறிவித்தது. "வெளியே மணி அதிகமாகிவிட்டது! எல்லோரும் கையில் இருப்பதில் பாதியைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள். மழை வந்ததும் திருப்பித் தருவேன்!"

கருமந்தியின் ஆட்கள் எதை ஒப்படைப்பார்கள்? அவர்கள் மணியை எல்லாம் எப்போதோ கிழங்காக மாற்றிவிட்டார்கள். மணியை மணியாகவே நம்பி வைத்திருந்தது முள்ளம்பன்றி ஒன்றுதான். மீதியிருந்த நாற்பதில் இருபது போயிற்று. விலையாவது இறங்கியதா? நாலு மணி மூன்று மணி ஆனது, அவ்வளவுதான். மணி கிடைக்காது என்று தெரிந்ததும் காட்டுப்பன்றி தோண்டுவதையே பாதியாகக் குறைத்துவிட்டது. முயல் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வேறு காட்டுக்குப் போய்விட்டது. பதினெட்டு மணி கொடுத்து முள்ளம்பன்றி ஆறு கிழங்கு வாங்கியது.

ஆறும் தீர்ந்த அன்று அது மறுபடி மரத்தடியில் நின்றது. விலா எலும்பு தெரிந்தது. நடந்த வழியெல்லாம் முள் உதிர்ந்து கிடந்தது.

"தாயி! ஒரே ஒரு தடவை வெளியே வந்து என்னைப் பாரு!"

"வர முடியாது மாமா. அடைந்து கிடக்கிற காலத்தில் எங்களுக்குச் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும்."

"அப்ப காட்டுல என்ன நடக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கருமந்தி வந்து சொல்லும். உடும்பு வந்து சொல்லும்."

"அவங்களுக்கு அங்கே என்ன வேலை?"

"எனக்குப் பழம் கொண்டு வருகிறார்கள். நல்ல பழம். ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது."

முள்ளம்பன்றி அண்ணாந்து கத்தியது.

"யாரும் நெருங்கக் கூடாதுன்னுதானே வாசலை அடைச்சே! சோறு போடுறவன் மட்டும் நெருங்கலாமா? மந்தி பழம் கொடுத்த வாரம் மணியைக் கொட்டினே. உடும்பு பழம் கொடுத்த வாரம் மணியைப் பிடுங்கினே. ரெண்டு வாரமும் பட்டினி கிடந்தது நான்! எனக்கு மரம் ஏறத் தெரியாது. அது ஒண்ணுதானே என் குத்தம்?"

கீறல் வழியாக ஓர் அத்திப்பழக் காம்பு வந்து விழுந்தது.

முள்ளம்பன்றி மரப்பட்டையைக் கடித்தும் காய்ந்த வேரை மென்றும் மீதிக் கோடையைக் கழித்தது. சாகவில்லை. அதற்காக அது யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை.

மழை வந்தது. இருவாச்சி சேற்றை உடைத்துக்கொண்டு, பளபளவென்று புதுச் சிறகுடன் வெளியே வந்தது. குளக்கரையில் பாராட்டுக் கூட்டம் நடந்தது.

"மணியை வீசச் சொன்னது நான்! அதனால்தான் காடு பிழைத்தது!" என்றது கருமந்தி.

"அதைத் திரும்ப வாங்கச் சொன்னது நான்! அதனால்தான் காடு பிழைத்தது!" என்றது உடும்பு.

"இரண்டு அறிஞர்கள் சொன்னதையும் கேட்டேன்" என்றது இருவாச்சி.

கூட்டத்துக்கு நடுவில் முள்ளம்பன்றி நொண்டி நொண்டி வந்தது. "எனக்குப் பாக்கி இருக்கு" என்றது.

"மறக்கவில்லை மாமா! சொன்ன சொல் தவற மாட்டேன்!" இருவாச்சி பறந்து போய் இருபது மணிகளைக் கொண்டுவந்து அதன் முன்னால் பரப்பியது. "எண்ணிப் பாருங்கள். ஒன்றும் குறையாது. கணக்கு முடிந்தது!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. புதுக் கிழங்கு விளைய இன்னும் மூன்று மாதம் ஆகும். அன்று காலை காட்டுப்பன்றி ஒரு கிழங்குக்கு ஐந்து மணி கேட்டிருந்தது.

முள்ளம்பன்றி அந்த மணிகளைத் தொடவில்லை.

"நான் உன்னை நம்பி வித்தது அறுபது கிழங்கு. எனக்குத் திரும்பி வந்தது பதினொண்ணு. நாற்பத்தொன்பது கிழங்கு பாக்கி! மணியை நீ எண்ணிக்கோ. நான் கிழங்கை எண்ணிக்கிறேன்!"

"பெரியவருக்குக் கணக்கு வரவில்லை" என்றது கருமந்தி.

"பாவம், படிக்காதவர்" என்றது உடும்பு. அந்த வருடத்தில் அவை இரண்டும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

கூட்டம் கலைந்தது. முள்ளம்பன்றி மட்டும் மருத மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தது. நாற்பத்தொன்பது கிழங்கில் ஒன்றுகூட இன்றுவரை வந்து சேரவில்லை.

தங்கள் முடிவு தவறிப்போனாலும் தங்கள் வயிறு காயாது என்ற இடத்தில் இருப்பவர்கள், எவ்வளவு படித்திருந்தாலும், அடுத்தவர் உழைப்புக்கு வாக்குக் கொடுக்கும் தகுதி இல்லாதவர்கள்.