அணைந்து எரிந்த சிவப்பொளி

ஒரு ஊரில் செல்லக்கனி என்று ஒருத்தி கொய்யாப்பழம் விற்றாள். அவள் கூவினால் அடுத்த தெருவிலும் கதவு திறக்கும். அவள் நாக்கோரத்தில் ஒரு கட்டி குடிவந்தது. அது கரையாவிட்டால் நாக்கில் ஒரு பகுதியை வெட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

முதலில் மருந்து போனது. ஊசி வழியே ரத்தத்தில் இறங்கி, கட்டிக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. வெளிச்சம் பட்டால்தான் அதற்கு வீரம் வரும். அதுவரை செல்லக்கனி ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வெயிலுக்கு முகம் காட்டாமல் இருந்தாள்.

குறித்த நாளில் டாக்டரம்மா அவள் நாக்குக்கு நேரே பிடித்த விளக்கிலிருந்து சிவப்பொளி குதித்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க! நான் வந்தாச்சு!"

மருந்து துள்ளி எழுந்தது. பக்கத்தில் கிடந்த பிராணவாயுவை அள்ளி அள்ளிக் கட்டியின் மேல் வீசியது. கட்டி அலறியது. கொஞ்ச நேரந்தான். மருந்தின் கை நின்றுவிட்டது.

"என்னப்பா, தூங்குற? இன்னும் பளிச்சுனு அடிக்கட்டுமா?" என்றது ஒளி.

"அடிச்சு என்ன பண்ண? வீச என்கிட்ட ஒண்ணுமில்ல. பிராணவாயு தீந்துபோச்சு. ரத்தம் கொண்டுவரட்டும். நீ கொஞ்சம் அணைஞ்சிரு."

"நானா? நான் அணைஞ்சா இந்தக் கட்டி சிரிக்காதா?"

"சிரிச்சிட்டுப் போகட்டும். அடுப்பு நிறைய விறகைத் திணிச்சா எரியுமா, புகையுமா?"

"நல்லா சண்டை போடுங்க" என்றது கட்டி.

அதற்குள் பிராணவாயு அளவு காட்டும் கருவியைப் பார்த்த டாக்டரம்மா, "பிராணவாயு இறங்குது. கொஞ்சம் அணைச்சுட்டு அப்புறம் போடுவோம்" என்று பொத்தானை அழுத்தினார். ஒளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அணைந்தது.

"ஜெயிச்சாச்சு!" என்று கட்டி சோம்பல் முறித்தது.

அந்த இருட்டில்தான் ரத்தம் மூச்சிரைக்க வந்து, பிராணவாயுவைக் கூடை கூடையாக இறக்கியது. மருந்து இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு, "இப்ப வா!" என்று கத்தியது.

ஒளி பாய்ந்தது. பிறகு அணைந்தது. மறுபடி பாய்ந்தது.

"எரியுறதுன்னா எரி, அணையுறதுன்னா அணை! இது என்ன விளையாட்டு?" என்று கத்திக் கத்தியே கட்டி சுருங்கிப்போனது.

கட்டி இருந்த இடத்தில் புண் ஆறியதும் டாக்டரம்மா சொன்னார். "நாக்கை நீட்டுங்க."

நீட்டினாள். கட்டி இல்லை.

"இப்ப ஒரு தடவை கூவட்டுமா டாக்டரம்மா?"

"ஆஸ்பத்திரியிலயா?" என்று அவர் சிரிப்பதற்குள் தொடங்கிவிட்டாள். "கொய்யா... கொய்யாப்பழம்!" கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடியும், "கொய்யா..."

மேசை மேலிருந்த அந்தச் சிகிச்சை விளக்குக்குள் இருந்த சிவப்பொளி காது கொடுத்துக் கேட்டது.

"அட! இவளும் நடுவுல மூச்சு வாங்கித்தான் கூவுறா!"