பின்னைப் பிடுங்கிய பிறகு

காரமடைப் பக்கம், குதிரை ஏற்றும் ட்ரெய்லர்களைக் கட்டித்தரும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே பிரேக் வேலைக்குக் குரு கோகிலவாணி. வயது முப்பத்தெட்டு. சீடர் ஆறுக்குட்டிக்கு ஐம்பத்துநாலு. இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டி, முழங்கால் தேய்ந்து, வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தொழில் கற்க வந்தவர். மூன்று வருஷம் ஆகிவிட்டது. நல்ல வேலைக்காரர். அது அவருக்கே தெரியும் என்பதுதான் கொஞ்சம் தொந்தரவு.

ஒரு நாள் காலையில் கேட்டேவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, நான் முடிச்ச வேலைய நீங்க மறுக்கா பாக்காத நாள் ஒண்ணு வருமுங்களா?”

பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொரு ட்ரெய்லரிலும் ஒரு தகரச் சீட்டு தொங்கும். சோதித்தவரின் கையெழுத்து அதில் இருக்கும். இதுவரை எல்லாமே கோகிலவாணியின் கையெழுத்துதான். ஒன்றிலாவது தன் பெயர் இருக்க வேண்டும் என்று ஆறுக்குட்டிக்கு ஆசை. கேட்பவர்கள் சிரிக்கலாம். அவருக்கு அது சோற்றைவிடப் பெரிது.

கோகிலவாணி வாசலைக் காட்டினார். டிரைவர் நஞ்சப்பனின் ஜீப் ட்ரெய்லரோடு நின்றிருந்தது. மறுநாள் இரண்டு குதிரைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டி மலை ஏற வேண்டிய வண்டி.

“சின்ன பேட்டரிய சோதிச்சுட்டு, சீட்டுல உங்க கையெழுத்தப் போடுங்ணா.”

ஆறுக்குட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ட்ரெய்லரின் மூக்கில் இருக்கும் அந்தப் பேட்டரிக்கு ஒரே வேலைதான். ஏற்றத்தில் ட்ரெய்லர் ஜீப்பை விட்டுப் பிய்த்துக்கொண்டால், ஜீப்போடு கட்டியிருக்கும் ஒரு கம்பி ஒரு பின்னைப் பிடுங்கும். பின் வெளியே வந்ததும் பேட்டரி ட்ரெய்லரின் சக்கரங்களை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆயுசுக்கும் அந்த வேலை வராமலே போகலாம். வந்த அன்று செய்யாவிட்டால் குதிரைகள் பள்ளத்தில்.

ஆறுக்குட்டி பேட்டரியின் சோதனைப் பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. பின்னைப் பிடுங்கினார்.

“மெதுவா இழு நஞ்சப்பா!”

ஜீப் முனகியது. ட்ரெய்லரின் சக்கரங்கள் சுழலாமல் மண்ணில் கோடு கிழித்தன.

“பாத்தீங்களா அம்மணி! உடும்புப்பிடி!”

கோகிலவாணி ட்ரெய்லரின் மூக்கருகே குனிந்தார். ஜீப்பிலிருந்து ட்ரெய்லருக்குப் போகும் தடித்த வயரை மட்டும் பிளக்கிலிருந்து உருவினார்.

“இப்ப இழுங்க நஞ்சப்பா.”

தாய்ப்பசுவின் பின்னால் போகும் கன்றுபோல ட்ரெய்லர் உருண்டு போனது. பச்சை விளக்கும் அணைந்திருந்தது.

ஆறுக்குட்டிக்குப் புரிந்துவிட்டது. சற்றுமுன் விளக்கை எரித்ததும் சக்கரத்தைப் பிடித்ததும் ஜீப்பின் கரண்ட். சின்ன பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மலையில் ட்ரெய்லர் பிய்த்துக்கொண்டால் பின்னோடு அந்த வயரும் அல்லவா போகும்?

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மூன்று வருஷமாக அவர் பின்னைப் பிடுங்கும்போதெல்லாம் கோகிலவாணி அந்தப் பக்கம் நின்றிருந்தார். வயரை உருவியது அவர் கை. ஆறுக்குட்டியின் கண் எப்போதும் சக்கரத்தில். அப்படி ஒரு வேலை இருப்பதே அவருக்குத் தெரியாது.

நஞ்சப்பன் ஆறுதல் சொன்னார். “உடுங்க. ஆனைக்கும் அடி சறுக்குமுங்க.”

“சறுக்குன ஆனை எந்திரிச்சுக்கும் நஞ்சப்பா. நாளைக்கு மலையில நீயும் குதிரையும் எந்திரிப்பீங்களா?”

ஆறுக்குட்டி வேலையில் இறங்கினார். செத்த பேட்டரியைக் கழற்றினார். சார்ஜ் ஏற்றி வைத்திருந்த புதுசை எடுத்து மாட்டினார். முனைகளைச் சுரண்டித் துடைத்து முடுக்கினார். ஜீப் வயர் பிளக்கில் மாட்டாமல் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பின்னைத் திரும்பச் செருகி, பிடுங்குவதற்காக அதில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

கோகிலவாணி அதற்குள் அடுத்த ட்ரெய்லரின் அடியில் படுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்.

“அம்மணி, புது பேட்டரி போட்டாச்சுங்க. இழுத்துப் பாக்கப் போறனுங்க.”

“பாருங்ணா.”

“ஒரு நிமிசம் வந்து பக்கத்துல நின்னீங்கன்னா...”

ட்ரெய்லருக்கு அடியிலிருந்து பதில் மட்டும் வந்தது.

“நான் வந்து நின்னா, சக்கரம் நின்னது உங்க கையாலயா என் கண்ணாலயான்னு எப்படிங்ணா தெரியும்?”