பள்ளிக்கூட வாசலில் நின்ற கும்பல்

"கும்பல்ங்கிற வார்த்தையில என்ன குத்தம் கண்டீங்க மேடம்?"

கேட்டவர் சோலையப்பன். மில்லை மூடிய பிறகு, நாற்பது வயதுக்கு மேல் செய்தி எழுதப் பழக வந்தவர். கற்றுக்கொடுக்கும் மரகதவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவள். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மேடம் என்பார். அந்தச் சின்ன ஊர்ப் பத்திரிகையில் அதுதான் குருகுலம்.

திரையில் அவர் எழுதிய தலைப்பு நின்றது.

'மணல் லாரியை மறித்த கும்பல்.'

காலையில் பள்ளிக்கூட வாசலில் ஒரு லாரி, பிள்ளையொன்றின் புத்தகப் பையை உரசிக்கொண்டு போயிருந்தது. அடுத்த லாரி வருவதற்குள் அம்மாக்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்துதான் எழுப்பியது.

"நேத்து பூட்டை உடைச்சு நகையை அள்ளிட்டுப் போனாங்களே, அவங்களுக்கு என்ன போட்டீங்க?"

"கும்பல்."

"ம்."

"பத்துப் பேர் சேர்ந்தா வேற என்னன்னு சொல்றது மேடம்? சின்ன வார்த்தை. ஒரே வரியில அடங்குது. எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தான் போடுறாங்க."

மரகதவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஸ்கூல் விடுற நேரம் அண்ணே. எம்பொண்ணு இலக்கியாவைக் கூட்டிட்டு வந்துருங்க. மிஸ்கிட்ட போன்ல சொல்லிடுறேன்."

"நான் பார்த்ததே இல்லையே. பாப்பா எப்படி இருக்கும்?"

"நீல கவுன், ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன்."

போனார். மணி அடித்தது. கேட் திறந்தது.

நீல கவுன், ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி உருண்டு வந்தார்கள்.

எல்லாமே இலக்கியா மாதிரிதான் இருந்தது. சோலையப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நம்பிக் கொடுத்த பிள்ளை. தவறவிட்டால்?

சுற்றி நின்ற அம்மாக்களுக்கோ ஒரு தடுமாற்றமும் இல்லை.

"ஏய், டிபன் டப்பா எங்கடி?"

"அந்தா வருது பாரு எங்க மகாராணி, ஆடி அசைஞ்சு."

"மூக்கைத் தொடைடா முதல்ல!"

ஒருத்தி இவர் பக்கம் திரும்பினாள். காலையில் லாரிக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்தவள்.

"யாரைத் தேடுறீங்கண்ணே?"

"இலக்கியா. பத்திரிகை ஆபீஸ் மரகதவல்லி மேடம் பொண்ணு."

"ஒரு கால் சாக்ஸ் எப்பவும் இறங்கியே கெடக்குமே, அதானே?"

அத்தனை நீலத்துக்குள்ளும் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"ஏ இலக்கியா! இங்க வா தங்கம்."

வந்தது. ஒரு சாக்ஸ் இறங்கித்தான் இருந்தது.

பிள்ளையின் கையை அவள் உடனே விட்டுவிடவில்லை. வாசலில் நின்ற மிஸ் தலையாட்டிய பிறகுதான் இவர் கையில் கொடுத்தாள்.

"காலையில போட்டோ எடுத்தது நீங்கதானே?" குரல் இறங்கியது. "எம்பேரு சத்தியகலாண்ணே. அங்கன்வாடியில ஆயா வேலை, இன்னும் நிரந்தரம் ஆகலை. நாளைக்குப் பேப்பர்ல ஒரு மாதிரியா வந்துச்சுன்னா கேஸ் போட்டுருவேன்னு எஸ்.ஐ. சொல்றாரு. கேஸுன்னு ஆச்சுன்னா வேலை போயிரும். எங்களை யாருன்னு போட்டிருக்கீங்க?"

சோலையப்பன் பிள்ளையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இன்னும் போடலைம்மா" என்றார்.

வழியெல்லாம் பிள்ளை பேசிக்கொண்டே வந்தது. பல் ஆடுகிறதாம். பக்கத்துப் பெஞ்சுப் பையன் ரப்பரைத் தின்றுவிட்டானாம். இவர் உம் கொட்டிக்கொண்டே நடந்தார்.

ஆபீஸ் படியில் குனிந்து, அந்தச் சாக்ஸை இழுத்துவிட்டார்.

மரகதவல்லி மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா அண்ணே?"

சோலையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், தலைப்புக்கு இன்னொரு வரி கிடைக்குமா?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

'கும்பல்' என்ற வார்த்தையை அவள் முன்பே அழித்திருந்தாள்; அந்த இடம் காலியாகக் கிடந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரிக்கும் இடம் விட்டிருந்தாள்.