குளத்து விஷமும் முள்ளம்பன்றி வைத்த தலைப்பும்

ஈட்டியன் என்ற முள்ளம்பன்றிக்கு எழுதுவதென்றால் உயிர். முதுகிலிருந்து உதிர்ந்த முள்ளை எடுத்துத் தேக்கிலையில் கீறும். கீறிய இடம் இரத்தம் போலச் சிவக்கும். அந்தக் காட்டில் செய்தி சொல்ல நினைத்த எல்லா விலங்குகளும் அப்படித்தான் எழுதின. எழுதிய இலையைச் சுருட்டி, தலைப்பு மட்டும் வெளியே தெரியும்படி, பாதைகள் கூடும் இடத்தில் இருந்த முட்புதரில் செருகி வைத்தன.

புதர் முழுக்க இலைகள்! எந்தச் செய்தி வேண்டுமானாலும் மின்னி என்ற வால்காக்கையிடம் கேட்க வேண்டும். கேட்ட சொல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ, அந்த இலையை மின்னி கண் இமைப்பதற்குள் இழுத்துக் கொடுக்கும். உள்ளே பிரித்துப் படிக்க அதற்கு நேரம் கிடையாது.

ஒரு நாள் விடியற்காலையில் ஈட்டியன் இரை தேடிவிட்டு வளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் குளத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. கரையில் ஒரு கொக்கு கழுத்து மடங்கிக் கிடந்தது. காற்றில் சாய்ந்த நச்சுக்காய் மரம் ஒன்று காய்களோடு தண்ணீருக்குள் கிடந்தது!

“ஐயோ! இதை உடனே எல்லோருக்கும் சொல்ல வேண்டும்!” என்று ஈட்டியன் ஓடியது. தேக்கிலை எடுத்தது. எந்த மரம், எந்தக் காய், தாகமெடுத்தால் எந்தப் பாறைச் சுனைக்குப் போக வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதியது. பிறகு தலைப்புக்காக நெடுநேரம் யோசித்தது. கடைசியில், ‘வெள்ளிக் கிண்ணத்தில் வந்த விருந்தாளி’ என்று கீறியது.

பக்கத்து மரத்து மரநாய் முழுவதையும் படித்துப் பார்த்தது. “அடடா! குளத்தை வெள்ளிக் கிண்ணம் என்றும் விஷத்தை விருந்தாளி என்றும் சொல்லிவிட்டாயே! உன்னைப் போல் எழுத யாரால் முடியும்?” என்று வியந்தது.

ஈட்டியனுக்குத் தலைகால் புரியவில்லை. இலையைக் கொண்டுபோய்ப் புதரில் செருகியது.

மின்னி தலைப்பைப் பார்த்தது. “இது எதைப் பற்றியது?”

“படித்தால் தெரியும்!”

“படிக்கிறவருக்குத் தெரியும். தேடுகிறவருக்கு? யார் வந்து என்ன கேட்டால் நான் இதை எடுத்துக் கொடுப்பது?”

“எல்லாவற்றையும் தலைப்பிலேயே கொட்டிவிட்டால் அழகு எங்கே இருக்கும்? உனக்கு ரசனையே இல்லை மின்னி!” என்று சொல்லிவிட்டு ஈட்டியன் வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

வெயில் ஏறியது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மருளி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு வந்து சேர்ந்தது. இருவருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

“இந்தக் காட்டுக்கு நாங்கள் புதிது, அக்கா. இங்கே குளம் எங்கே இருக்கிறது? தண்ணீர் நல்ல தண்ணீரா?” என்று மருளி கேட்டது.

மின்னி புதருக்குள் பாய்ந்தது. ‘குளம் நல்ல குளம் தண்ணீர் நல்ல தண்ணீர் குளிர்ந்த தண்ணீர் குளம்’ என்ற தலைப்புள்ள இலை அலகோடு வந்தது. அது கொண்டையன் என்ற காட்டுச்சேவல் எழுதியது. எல்லோரும் தன் இலையையே பிரிக்க வேண்டும் என்பது கொண்டையனுக்கு ஆசை. உள்ளே, ‘குளம் கிழக்கே இருக்கிறது. போய்க் குடியுங்கள்’ என்பதைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

மருளி கிழக்கே ஓடியது.

சற்று நேரத்தில் ஒரு அலறல் கேட்டது! ஈட்டியன் திடுக்கிட்டு எழுந்தது. முட்கள் சலசலக்கக் குளத்துக்கு ஓடியது.

நாணல் மறைவில் மருளி நுரை தள்ளிக் கிடந்தது. மூச்சில்லை. குட்டி அதன் முகத்தை முட்டிக்கொண்டிருந்தது.

“நான் குடித்துப் பார்க்கிறேன், அப்புறம் நீ குடி என்று அம்மா சொன்னாள்! அம்மா ஏன் எழுந்திருக்கவில்லை?”

ஈட்டியன் குட்டியின் அருகே ஓடியது. “நான்தான் எழுதி வைத்தேனே! குடிக்காதீர்கள் என்று எழுதினேனே!”

“எங்கே எழுதினீர்கள்? நாங்கள் கேட்டோமே! எங்களுக்கு யாரும் காட்டவில்லையே!”

பின்னால் பறந்து வந்த மின்னி கிளையில் உறைந்து போய் உட்கார்ந்திருந்தது. அலறல் கேட்டு வந்த கொண்டையன் மருளியைப் பார்த்ததும் கொண்டை வெளுத்து நின்றது. “நான்... நான் இந்தக் குளத்தைப் பார்த்ததே இல்லை! சொல் நிறைய இருந்தால் ஆள் நிறைய வரும் என்றுதான்...” என்று திக்கியது.

அப்போது தொலைவில் புழுதி கிளம்பியது. மருளி வந்த அதே மலைப்பாதையில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது!

“குட்டியைத் தண்ணீர்ப் பக்கம் விடாதே!” என்று கொண்டையனிடம் கத்திவிட்டு ஈட்டியன் புதருக்கு ஓடியது. மின்னி முன்னால் பறந்து போய்க் கொண்டையனின் இலையைக் கிழித்து எறிந்தது. ஈட்டியன் தன் பழைய தலைப்பைத் தேய்த்து அழித்துவிட்டு, ‘குளம் பற்றிய அறிவிப்பு’ என்று எழுதியது.

“இதை என்னால் கண்டுபிடிக்க முடியும். ஆனால் தாகத்தில் வருகிறவர்கள் இதைப் பிரித்துப் பார்ப்பார்களா? குளம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஓடிவிடுவார்களே!” என்றது மின்னி.

ஈட்டியன் கண்ணை மூடியது. குட்டியின் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அந்தத் தலைப்பையும் அழித்துவிட்டு, அதே இலையில் மீண்டும் கீறியது: ‘குளத்துத் தண்ணீர்: முகம் பார்க்கலாம், குடித்தால் முடிந்தது கதை!’

பன்றிகள் இரைக்க இரைக்க வந்து நின்றன. “குளம் எங்கே? தண்ணீர் எங்கே?” என்று தலைவன் பன்றி உறுமியது.

மின்னி இலையை அதன் முகத்துக்கு நேரே நீட்டியது. தலைவன் படித்தது. அதன் ரோமம் சிலிர்த்தது.

“என்னது? குடித்தால் முடிந்ததா? நில்லுங்கள்! யாரும் நகராதீர்கள்!” என்று கூட்டத்தைத் தடுத்துவிட்டு இலையை அவசரமாகப் பிரித்தது. முழுவதையும் படித்த பிறகு தன் குட்டிகளை எண்ணுவது போல ஒவ்வொன்றாகப் பார்த்தது. “நல்லவேளை! நேரே அங்கேதான் போயிருப்போம்!” என்றது.

ஈட்டியன் மான்குட்டியை அழைத்து வந்து பன்றிகளோடு பாறைச் சுனைக்குக் கூட்டிச் சென்றது. குட்டி சுனை ஓரத்தில் நின்றது. குனியவில்லை.

“முதலில் நீங்கள் குடியுங்கள்” என்றது.

ஈட்டியன் குடித்தது. குட்டி அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகுதான் தண்ணீரில் வாய் வைத்தது.

தேடி வருபவர் கேட்கும் சொல்லும், வந்தவரை நிறுத்திப் படிக்க வைக்கும் அழகும் ஒன்றாக இருக்கும் தலைப்பே, எழுதியதை உரியவரிடம் கொண்டு சேர்க்கும்.