பதினேழாம் எண் வீட்டுக்குப் போகும் வழி

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம் ஒன்றில் வீடுகளைக் குறிக்க, காரைக்குடியில் கற்றுக்கொடுத்தவள் ஹமீதா. ஒன்பது வருடம் கூரியர் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தவள். வயது முப்பதைத் தாண்டவில்லை. அவளிடம் கற்றவர்களில் காசிராஜனுக்கு அறுபத்து நாலு வயது, நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். காப்பிக்குச் சர்க்கரையைக்கூட அளந்து போடுகிற ஆள்.

ஒரு வியாழக்கிழமை அவர் முகம் தொங்கிப்போய் வந்தார்.

மேலத் தெரு பதினேழாம் எண் வீட்டைக் குறித்தது அவர்தான். அங்கே இருக்கும் சோலையப்பன் அவருடைய சிநேகிதர். வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். படுத்தபடிதான் போக முடியும் என்பதால் ஆஸ்பத்திரி வண்டி வந்து கூட்டிப்போகும். புதன்கிழமை வந்த புது டிரைவர், வரைபடம் காட்டிய இடத்தில் நின்று இருபது நிமிடம் ஹாரன் அடித்திருக்கிறார். பதிவில் இருந்த போன் நம்பர் சிங்கப்பூரில் இருக்கும் மகனுடையது, அவர் எடுக்கவில்லை. வண்டி திரும்பிப் போய்விட்டது. அடுத்து சனிக்கிழமை. அதுவும் தவறினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“கதவு எண் சரி, தெரு சரி. ஓர் அடி பிசகலை. தப்பு எங்க டீச்சர்?”

ஹமீதா நாலு ஆப்பிளை ஒரு பையில் போட்டு நீட்டினாள்.

“அவர்கிட்ட குடுத்துட்டு வாங்க சார். நீங்க போட்ட மேப்பைப் பார்த்தே போகணும்.”

போனார். தேக்குக் கதவு, அதில் முஷ்டி பெரிசுக்கு ஒரு பூட்டு. கல்யாணம், சாவு என்று பங்காளிகள் கூடினால்தான் அது திறக்கும். தட்டிப் பார்த்தார். முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகிற வீடு. உள்ளே யாருக்குக் கேட்கும்? மதிலை ஒட்டியே நடந்து, சுற்றிக்கொண்டு பின் தெருவுக்கு வந்தார். சின்ன இரும்பு கேட் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் கால் வீங்கிப்போய்ப் படுத்திருந்த சோலையப்பனிடம், முன்கதவைத் தட்டிவிட்டு வந்ததைச் சொன்னார்.

“முன்பக்கமா போனீக? அங்கிட்டு யாரு இருக்கா? இருபது வருசமா சீட்டாட இந்த வழியாத்தானய்யா வாறீக.”

காசிராஜன் தலையில் அடித்துக்கொண்டார். ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

முன்வாசல் புள்ளியை அழித்துவிடுகிறேன் என்றார் ஹமீதாவிடம். வேண்டாம், எண் இருக்கிற இடம் அதுதான், அது அங்கேயே இருக்கட்டும் என்றாள். பின்னால் இருக்கும் கேட்டை அந்த வீட்டின் நுழைவாயில் என்று தனியாகக் குறித்து, பின் தெருவோடு இணைக்கச் சொன்னாள். அவர் இணைத்தார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே போய்ப் பின் தெரு முனையில் நின்றுகொண்டார். இன்னொரு புது டிரைவர். வண்டி யாரிடமும் வழி கேட்காமல் பின் தெருவில் திரும்பி, இரும்பு கேட்டுக்கு நேராக வந்து நின்றது. சோலையப்பனை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் காசிராஜனுக்கு மூச்சே வந்தது. அங்கிருந்த டீக்கடையில் அளக்காமல் சர்க்கரை போட்டுக் குடித்தார்.

நேரே ஹமீதாவிடம் போனார்.

“இதே மாதிரி நானூறு வீடு குறிச்சிருக்கேன் டீச்சர். மொத்தத்தையும் திரும்ப அளந்துடட்டுமா?”

“அளக்க வேண்டாம் சார். வீடு வீடாப் போய் குடிக்கத் தண்ணி கேளுங்க. சொம்பு எந்த வாசல் வழியா வருதோ, அங்க புள்ளி வைங்க.”