கார்டு உள்ளேயே இருக்கட்டும்

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் செல்லக்கிளியின் பரோட்டாக் கடை. கான்ட்ராக்டர் மாசிலாமணி வயிறாரத் தின்றுவிட்டு கார்டைத் தேய்ப்பார். ஒருநாளும் வேலை செய்யாது. "மட்டமான மிஷின்!" என்று திட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அன்று அவள் புது மிஷினை நீட்டினாள்.

"இதுல என் கார்டு வேலை செஞ்சா, கடையில இருக்கற அத்தனை பேருக்கும் பரோட்டா என் செலவு!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" கார்டை வாங்கிச் சொருகினாள். "நீங்க சுரண்டி வெச்சது பின்னாடி கருப்புக் கோட்டைத்தானுங்ணா? இது முன்னாடி இருக்கற சிப்பைப் படிக்கும்!"

மிஷின் ரகசிய நம்பர் கேட்டது. கடையே விசிலடித்தது.

"நம்பர்... மறந்துபோச்சு."

"அவசரமில்லீங்ணா. நம்பர் போடற வரைக்கும் கார்டை எடுக்காதீங்கன்னு மிஷினே சொல்லுது." அடுப்புப் பக்கம் திரும்பினாள். "மாஸ்டர்! அண்ணனுக்கு ஞாபகம் வர்ற வரைக்கும் பரோட்டா போட்டுக்கிட்டே இருங்க!"

முதல் பரோட்டா கல்லில் விழுமுன் நம்பர் ஞாபகம் வந்துவிட்டது.